ஸ்பூன் நட்ட பாத்திகள்

பிப்ரவரி 27

மருமகளுக்கு,

நீ கிளம்பிப் போனதுக்கப்புறம் நான் எழுதுற முதல் கடிதம் இது. சௌக்கியம் விசாரிக்க எழுதலை. ஒரு விஷயம் தெரிஞ்சாகணும், உன்னை விட்டா கேக்க ஆள் இல்லை. போன்ல கேக்கக் கூடாதான்னு நினைப்பே. நீ வாங்கிக் கொடுத்த போன் இப்ப கடிகாரமாத்தான் இருக்கு. அத்தனை வருஷம் ஆலையில தறிச் சத்தம் தின்ன காது. போன்ல யாரு பேசினாலும் ஈ பறக்கிற மாதிரிதான் கேக்குது.

பின்பக்கம் தோட்டத்துல பனி விட்டு மண்ணு இளகிடுச்சு. ஒரு பிடி அள்ளிப் பிடிச்சுப் பார்த்தேன். உருண்டையா நிக்காம உதிர்ந்துது. அவன் இருந்திருந்தா இந்நேரம் மண்வெட்டியோட இறங்கியிருப்பான். அங்கங்க பச்சையா ஊசி ஊசியா என்னமோ வந்திருக்கு. களைன்னு நினைச்சு ரெண்டைப் பிடுங்கிப் போட்டேன். கையை மோந்து பார்த்தா பூண்டு. ஈர மண்ணுன்னும் பாக்காம அப்படியே உக்காந்துட்டேன்.

குளிர் வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டுட்டுத்தான் போயிருக்கான். என்னத்தைப் போட்டான், எங்க போட்டான்?

அவன் அடையாளம் வச்சிருந்தான். உனக்குத்தான் தெரியுமே. குச்சி நட்டா மக்கிடும், சீட்டு எழுதி வச்சா மழையில கரைஞ்சிடும்னு சமையல்கட்டு ஸ்பூனையெல்லாம் கொண்டுபோய்க் காம்பை மண்ணுல குத்திவைப்பான். "வீட்ல சாப்பிடறது நாமளா, மண்ணா?"ன்னு நான் கத்தாத நாள் இல்லை.

அவனைக் கொண்டுபோன மறுநாள் வீடு கொள்ளாம ஜனம். டீ போட்டாச்சு. சர்க்கரை கலக்க ஸ்பூன் இல்லை. அந்த நேரத்துல என் புத்தியில வந்தது தோட்டம்தான். போய் எல்லாத்தையும் பிடுங்கினேன். வெந்நீர்ல அலசினேன். டம்ளருக்கு ஒண்ணாப் போட்டுக் கொடுத்தேன். மகன் செத்த வீட்டுல ஸ்பூன் இல்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாதாம். அவ்வளவு கெட்டிக்காரி உன் மாமியார்.

இப்ப ஸ்பூனெல்லாம் டப்பாவுல பளபளன்னு கிடக்கு. தோட்டம்தான் வாயே திறக்க மாட்டேங்குது.

உன்கிட்ட ஏதாவது சொல்லியிருந்தா எழுது. சொல்லலைன்னா பதில் போட வேண்டாம்.

அத்தை


மார்ச் 5

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து சில நாட்களாகின்றன. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறேன். இன்று துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அன்றைக்கு என் கைக்கு வந்த டம்ளரிலும் ஒரு ஸ்பூன் இருந்தது. காம்பின் பூவேலைக்குள் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. வெந்நீரில் போகவில்லை. எங்கிருந்து வந்த ஸ்பூன் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்திருக்கலாம். தட்டை ஏந்திக்கொண்டு நீங்கள் ஒவ்வொருவரிடமும் "சர்க்கரை போதுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவற்றைப் பிடுங்கியதில் என்ன போனது என்று நம் இருவரில் ஒருவருக்காவது தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பெரிய ஸ்பூன் என்றால் பூண்டு. டீஸ்பூன் என்றால் வெங்காயம். முள்கரண்டி என்றால் பசலை. "பசலைக்கு ஏன் முள்கரண்டி?" என்று கேட்டேன். "பசலையை எவனாவது ஸ்பூன்ல அள்ளிச் சாப்பிடுவானா?" என்றார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எதை எங்கே வைத்தார் என்று தெரியாது. நான் வேலை முடிந்து வரும்போது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாரமே ரோட்டில் முதல் பனி உறைந்தது. அவர் ஓட்டிவந்த பால் வண்டி வழுக்கியது. அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் நான் போகவே இல்லை.

ஆனால் பிடுங்கியது நீங்கள். எந்த ஸ்பூன் எங்கே நின்றது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். புத்தி மறந்திருந்தாலும் கை மறந்திருக்காது என்று நினைக்கிறேன். பாதி உங்களிடம் இருக்கிறது, பாதி என்னிடம்.

நான் இருக்கும் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், கீழே இஸ்திரி போடுகிறார்கள். நேற்று மார்க்கெட்டில் இந்த வருஷத்தின் முதல் முள்ளங்கி வந்திருந்தது. இலையும் மண்ணுமாகச் சின்னச் சின்னக் கட்டுகள். ஒரு கட்டு வாங்கிவந்து கழுவித் தட்டில் வைத்தேன். பிறகு இன்னொரு தட்டால் மூடிவிட்டேன். வசந்தத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், அத்தை. முள்ளங்கியைக் கடிக்க அதில் ஒரு வரிகூட உதவவில்லை.

நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று, "இனி இங்க உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

உங்கள் மருமகள்


மார்ச் 11

பல்லுக்காரிக்கு,

நீ எழுதின மாதிரியே செஞ்சேன். தோட்டத்துக்கு நடுவுல நின்னு கண்ணை மூடிக்கிட்டேன். அன்னைக்கு எப்படி நடந்தேனோ அப்படியே குழாயடியிலேர்ந்து நடந்து, குனிஞ்சு குனிஞ்சு பிடுங்கினேன். இல்லாத ஸ்பூனை. பக்கத்து வீட்டு டெய்லர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருந்திருக்கான். கண்ணைத் திறந்தா எதிர்ல அவன் மூஞ்சி. "என்னக்கா, காத்தைப் பிடுங்கி யாருக்குக் குழம்பு வைக்கப் போறீங்க?"ன்னு என் காதுக்கு எட்டுற மாதிரி தெருவுக்கே கேக்கக் கத்தினான். நானும் ரெண்டு திட்டுத் திட்டினேன்.

நீ சொன்னது சரிதான். கைக்குத் தெரிஞ்சிருக்கு. குழாயடியில பெரிய ஸ்பூன், வரிசையா. குனிஞ்சப்ப இடது கால்ல சேறு ஒட்டினதுகூட ஞாபகம் வந்துது. நடுப்பாத்தியில டீஸ்பூன். வேலியோரம் முள்கரண்டி, அதுல ஒண்ணு என் விரல்ல குத்துச்சு. போய்ப் பார்த்தா குழாயடியில வந்திருக்கிறது பூண்டேதான். நடுவுல வெங்காயத்தாள் மசிரு கணக்கா மெலிசா எட்டிப் பாக்குது. வேலியோரம் பசலை இன்னும் ரெண்டே இலை.

மக்கின உரத்தைச் சல்லடையில சலிச்சு வரிசைக்கு நடுவுல போட்டேன். அடுப்புச் சாம்பலும் தூவினேன். நெருக்கமா இருந்த பூண்டுத்தாளுல நாலைக் கிள்ளி, வெந்த உருளைக்கிழங்குல நறுக்கிப் போட்டு, உப்பும் வெண்ணெயும் போட்டுப் பிசைஞ்சேன். அவனுக்கு இந்த நாள்ல அதுதான் சாப்பாடு, உனக்கே தெரியும். ரெண்டு வாய்க்கு மேல எனக்கு இறங்கலை. நீ செஞ்சு கொடுத்த மேல் பல் செட்டு வேற வம்பு பண்ணுது. வாயைத் திறந்தா இறங்குது, மூடினா ஏறுது. டெய்லரைத் திட்டினப்ப மூணாவது திட்டுக்குள்ள மண்ணுல விழுந்துடுச்சு. அதான் ரெண்டோட நிறுத்தினேன்.

ஒண்ணு கேக்கணும். சுவர் மூலையில தனியா ஒரு ஸ்பூன் இருந்துது. சின்னது, குழந்தைக்கு ஊட்டுறது, காம்பு வளைஞ்சது. அது என்னன்னு நீ எழுதவே இல்லையே?

முள்ளங்கியை வாங்கி மூடிவச்சு யாருக்குக் காட்டப் போறே? தின்னு.

அத்தை


மார்ச் 17

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மேல் செட்டை நான் மறக்கவில்லை. கல்யாணமான மறு வருஷம் நானே செய்தது. போட்டதும், "இதைக் கழட்டக் கடப்பாரை வேணும் போலிருக்கே" என்றீர்கள். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. அவ்வளவு இறுக்கமாக நின்ற செட்டு அது.

பல் செட்டு பெரிதாகாது, அத்தை. வாய்தான் சிறிதாகும். நாள் முழுக்க நான் பார்ப்பது அதைத்தான். நோயாளிகளின் முகம் எனக்குத் தெரியாது. அவர்களுடைய ஈறுகளின் பிளாஸ்டர் அச்சுகள்தான் என் மேசைக்கு வருகின்றன. யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடுவதை விட்டுவிட்டார்கள் என்று அச்சைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் விழும் அளவுக்கு ஈறு கரைந்திருக்கிறது என்றால், இந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. தெரிந்துவிட்டது.

இத்துடன் இரண்டு சின்ன டப்பாக்களில் பசை அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் சம அளவு எடுத்துக் குழைத்து, செட்டின் உட்புறம் தடவி, வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்காருங்கள். இறுகியதும் எடுத்து அப்படியே தபாலில் அனுப்புங்கள். உங்கள் வாய்க்குத் தகுந்தபடி உள்ளே நிரப்பித் தருகிறேன். நான் வேலை பார்க்கும் பல் டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார். தெரிய வேண்டாம். பல் திரும்பி வரும்வரை மெத்தென்று எதையாவது சமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பிடுங்கள்.

சின்ன ஸ்பூனைப் பற்றி எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொன்னது மூன்றுதான். அந்த மூலையில் வெயிலே விழாதே. அங்கே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கையில் மிஞ்சிய ஸ்பூனை விளையாட்டாகக் குத்திவைத்திருப்பார்.

மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள். வாசலில் கேட்டதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

உங்கள் மருமகள்


மார்ச் 22

பல்லுக்காரிக்கு,

பல் செட்டு இந்த டப்பாவுல இருக்கு. பஞ்சு வச்சு, மேல என் பழைய கைக்குட்டையையும் சுத்தியிருக்கேன். தபால்காரன் "உள்ள என்ன?"ன்னான். "என் சிரிப்பு"ன்னேன். அவனுக்குப் புரியலை.

அந்தப் பசை இருக்கே, சுண்ணாம்பும் சோப்பும் கலந்த ருசி. அதைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற நேரம் பார்த்து டெய்லர் உள்ள வந்தான். அசையாதேன்னு நீ எழுதியிருக்கே, நான் அசையலை. கூப்பிட்டுப் பார்த்தான், முகத்துக்கு நேரா கையை ஆட்டினான். எனக்கு வாதம் வந்துடுச்சுன்னு நினைச்சு வாசலுக்கு ஓடிட்டான். நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தப்ப நான் செட்டைக் கழட்டிக் கையில வச்சிருந்தேன். அதைப் பார்த்து அவன் பயந்ததுதான் நிஜமான பயம்.

இப்ப வாய் பொக்கை. பசலை நாலஞ்சு இலை விட்டுடுச்சு. பார்த்தா வெண்ணெய் மாதிரி இருக்கு, கழுவும்போதே கையில கரையுது. முட்டையை அடிச்சு ஊத்தி மேல போட்டேன். ஈறாலயே மசிச்சுட்டேன். பாதித் தட்டு. நீ கணக்குக் கேப்பேன்னுதான் எழுதுறேன்.

மூலையில ஒண்ணும் இல்லைன்னு நீயே எழுதிட்டே. நானும் போய்ப் பார்த்தேன். ஒரு பச்சை இல்லை, மண்ணு தோசைக்கல்லு மாதிரி மொட்டையா இருக்கு. சும்மா கிடக்கிற இடம்தானே, கொத்திட்டு முள்ளங்கி போடலாம்னு இருக்கேன். நீ அங்க காசு கொடுத்து வாங்கி மூடிவச்சேன்னு எழுதினதுலேர்ந்து எனக்கு மனசு ஆறலை. முள்ளங்கி சீக்கிரம் வந்துடும். யாராவது வந்தா கொடுக்கலாம்.

வாசல்ல கேட்டதைக் கேட்டியே. நான் விரட்டலை. கேள்வியாத்தான் கேட்டேன். நீ ஏதாவது சொல்லுவேன்னு நின்னேன். நீ பையைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டே. நீ சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, அது வேற விஷயம். ஆனா உன் வாய் அசையலை. அதை நான் நல்லாப் பார்த்தேன்.

அத்தை


மார்ச் 28

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் சிரிப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அச்சு எடுத்தேன். நீங்கள் அனுப்பிய பசை சில இடங்களில் என் விரல் தடிமனுக்கு இருந்தது. அவ்வளவும் உங்கள் வாயிலிருந்து போன சதை. செய்து முடித்துவிட்டேன். இந்த டப்பாவிலேயே இருக்கிறது. முதலில் உறுத்தினால் வெந்நீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் உங்களிடமிருந்து எதையோ எடுத்து வைத்துக்கொண்டது போல இருக்கும்.

அண்ணத்தில், மேல்பல்லுக்குப் பின்னால், வரிவரியாக மேடுகள் இருக்கும். ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். உங்கள் அச்சு காய்ந்ததும் திருப்பிப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டாவது வரி நடுவில் பிரிந்து ஒரு கொக்கி போல வளைகிறது. உங்கள் முதல் செட்டைச் செய்தபோது இதைக் கவனிக்கவில்லை. ஆனால் அந்தக் கொக்கியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான் தொழில் கற்றுக்கொண்ட நாட்களில் அச்சு எடுத்துப் பழக ஆள் கிடைக்காமல் அவரை உட்கார வைத்தேன். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாய் நிறையப் பசையோடு என்னமோ சொன்னார். எடுத்த பிறகு என்னவென்று கேட்டேன். "இப்ப சொல்ல மாட்டேன்" என்றார். அந்த பிளாஸ்டர் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, அத்தை. மற்ற அச்சுகளோடு, பெயர் எழுதாமல். யாருக்கும் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே கொக்கி. அதற்குப் பிறகு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

பல் செட்டை நேரில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து "எங்க?" என்றார். ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. மறுபடி கேட்டார். பின்னால் இருந்தவர்கள் பார்த்தார்கள். அந்த ஊரில் யார் வீட்டுக்கு என்று அடுத்துக் கேட்பார் போல எனக்குத் தோன்றியது. அவர் ஏன் கேட்கப் போகிறார்? இருந்தும் இறங்கிவிட்டேன். தபாலில்தான் வருகிறது. மன்னியுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அங்க பட்டாணி இருந்துது.

மண்வெட்டியால நாலு கொத்துக் கொத்தித் திருப்பிப் போட்டேன். வெள்ளை வெள்ளையா என்னமோ கிடந்துது. புழுன்னு நினைச்சேன். குனிஞ்சு எடுத்தா பட்டாணி, வாயைப் பிளந்து வால் விட்டிருக்கு. வெயில் படாத இடம், அதான் மத்ததுக்குப் பின்னாடி மெதுவா கிளம்பியிருக்கு. மேல தலை காட்ட இன்னும் ஒரு விரக்கடைதான் பாக்கி. பாதிக்கு மேல மண்வெட்டி நறுக்கிடுச்சு.

உனக்கு அது தெரியாதுதான். எனக்குத் தெரியும். அவனுக்குப் பல் முளைக்கிறப்ப மசிச்ச பட்டாணியைத் தவிர எதையும் வாயில வாங்க மாட்டான். அந்த ஸ்பூன்லதான் ஊட்டுவேன். கடிச்சுக்கிட்டு விட மாட்டான். இழுத்து இழுத்துத்தான் காம்பு வளைஞ்சுது. அத்தனை வருஷமா அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்தவ நான். உனக்கு மூணு சொன்னவன் நாலாவதை ஏன் சொல்லலைன்னு இப்பப் புரியுதா? அது எனக்கு வச்ச அடையாளம். அம்மா பார்த்தாலே தெரிஞ்சுப்பான்னு வச்சிருக்கான். நான் என்ன செஞ்சேன்? பிடுங்கி எவனோ டீ கலக்கக் கொடுத்தேன். அப்புறம் அது என்னன்னு உன்னைக் கேட்டேன்.

வெட்டுப்படாததை ஒண்ணொண்ணாப் பொறுக்கித் திரும்பப் புதைச்சேன். தண்ணி தெளிச்சேன். சாக்கைப் போட்டு மூடினேன். இன்னைக்குத் திறந்து பார்த்தேன். எல்லாம் கொழகொழன்னு கருத்துப் போச்சு. ஒண்ணு மிச்சமில்லை. அவன் கடைசியாத் தொட்ட மண்ணை நான் கொத்திக் குழப்பிட்டேன்.

பல் செட்டு வந்துது. பிரிக்கலை. யாருக்கு வேணும்?

நீ பஸ்ஸை விட்டு இறங்கினது சரிதான். இங்க உனக்கு யாரும் இல்லை. எனக்கும் யாரும் இல்லை. பதில் போட வேண்டாம்.


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தைக்கு,

பதில் போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இது ஆறுதல் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆறுதல் என்னிடம் இருந்தால் முதலில் நானே எடுத்துக்கொண்டிருப்பேன்.

"ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்" என்று எழுதியவள் நான். தெரியாது என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமை. என்னிடம் சொல்லாமல் உங்களுக்கென்று ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று. அது செத்துப்போன பட்டாணி என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. என் மனசு எப்படிப்பட்டது என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாலையில் விதைக் கடைக்குப் போனேன். இப்போது போட்டாலும் பட்டாணி வரும் என்றார் கடைக்காரர். பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது வேறு பட்டாணி.

அறைக்கு வந்து மூடியிருந்த தட்டைத் திறந்தேன். அந்த முள்ளங்கி இன்னும் அங்கேதான் இருக்கிறது. வற்றிச் சுருங்கி விரல் போல ஆகிவிட்டது. தூக்கிப் போடவும் கை வரவில்லை. மறுபடி மூடிவிட்டேன்.

வாசலில் நீங்கள் கேட்டதை இப்போது நான் கேட்கிறேன். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள், அத்தை? நீங்கள் எழுதியதுதான் பதில் என்றால் இதோடு விட்டுவிடுகிறேன். அந்த டப்பாவை மட்டும் பிரியுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 12

பல்லுக்காரிக்கு,

டப்பாவைப் பிரிச்சேன். போட்டுக்கிட்டேன். நிக்குது. டெய்லரைக் கூப்பிட்டு நிறுத்தி, அஞ்சு திட்டுத் திட்டிப் பார்த்தேன். அசையலை. "நல்லா இருந்த மனுஷிக்குப் பல்லு கட்டி அனுப்பினவ யாரு?"ன்னு கேக்குறான்.

வெங்காயத்தாள் விரல் நீளம் வந்துடுச்சு. ரெண்டு பிடுங்கிக் கழுவி, ரொட்டிக்கு நடுவுல வச்சுக் கடிச்சேன். நறுக்குன்னு ஒரு சத்தம். பயந்துட்டேன். வெளியில எந்தச் சத்தமும் எனக்குள்ள சரியா வர்றதில்லை, நான் மெல்லுற சத்தம் மட்டும் மண்டைக்குள்ள கேக்குது. பல்லு ஆடிக்கிட்டிருந்தப்ப அதுவும் போயிருந்துது, எனக்கே தெரியலை. ரொட்டி முழுசையும் தின்னேன். தின்னுக்கிட்டே அழுதேன். தேறிட்டேன்னு நினைச்சுக்காதே. காலையில கண்ணு முழிச்சா இன்னும் அந்தப் பட்டாணிதான் முன்னால வந்து நிக்குது. அது போகாது. நான் போற வரைக்கும் இருக்கும்.

நீ பொறாமைப்பட்டதுல தப்பு இல்லை. அவன் வாய்க்குள்ள பசையோட உன்கிட்ட என்ன சொன்னான்னு நானும்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கும் எரிஞ்சுது.

நேத்து ஸ்பூனையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய்த் திரும்ப நட்டேன். குழாயடியில பெரிசு, நடுவுல டீஸ்பூன், வேலியோரம் முள்கரண்டி. எல்லாம் வந்தாச்சு, அடையாளம் தேவையில்லைதான். இருந்தாலும் நட்டேன். சின்னதைக் கொண்டுபோய் மூலையில குத்தினேன். அங்க ஒண்ணும் வராது, தெரியும். முள்ளங்கியும் போடலை. அந்த இடம் அப்படியே கிடக்கட்டும். ஆனா அவன் அதை எங்க வச்சானோ அங்கதான் அது நிக்கணும்.

பூண்டு இப்பத்தான் தண்டு தடிச்சிருக்கு. அடியில பூண்டு திரண்டு வரணும்னா நல்லா வெயில் ஏறணும். நான் ஒருத்தி எவ்வளவு தின்ன முடியும்?

உன் இழுப்பறையில இருக்கிறதைப் பெயர் இல்லாம அங்க வச்சிருக்காதே. இங்க கொண்டு வா. நான் பாக்க மாட்டேன், பயப்படாதே. சமையல்கட்டு அலமாரியில மேல் தட்டைக் காலி பண்ணியிருக்கேன். என் கைக்கு எட்டாத உயரம்.

கண்டக்டர் "எங்க?"ன்னா ஊர்ப் பேரு சொல்ல வேண்டாம். கடைசி ஸ்டாப்புன்னு சொல்லு. அதுக்கு மேல அவன் கேக்க மாட்டான். கேட்டா என் பேரைச் சொல்லு.

வீட்ல இப்ப ஒரு ஸ்பூன் இல்லை. டீயைக் கத்திக் காம்பால கலக்குறேன். தோட்டத்துல நிக்கிறதுல ஒண்ணைக்கூட எடுக்க விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். வரும்போது உனக்கு ஒண்ணு கொண்டு வந்துடு.

அத்தை